அடுத்த மாத அட்டவணை வந்துவிட்டது. நான்கு காட்சிக்குத்தான் போக முடியும், எதை விடுவது?

கடைசிவரிசை

நான் வழக்கமாகப் போகும் கலைப்பட அரங்கின் அடுத்த மாத அட்டவணை வந்துவிட்டது. ஒரே திரை, நூற்றுச் சொச்சம் இருக்கைகள், ஒரு நாளைக்கு நான்கு காட்சி. வேலை, வீடு எல்லாம் போக மாதத்தில் நான்கு முறைதான் என்னால் போக முடியும். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

புதுப் படங்கள் மூன்று. மூன்றும் திரைவிழாக்களைச் சுற்றி வந்தவை. ஒன்று தினமும் மாலையில், இன்னொன்று பகல் காட்சி மட்டும், மூன்றாவது வாரத்துக்கு இரண்டே முறை. அபு என்ற சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ராயின் மூன்று படங்களையும் புதுப்பித்த பிரதியில் வாரத்துக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். ஷாந்தால் அகெர்மானின் 'ழான் தியல்மன்' ஒரே ஒரு காட்சி, ஞாயிறு காலை. ஒரு மௌனப் படம், நேரடி பியானோவுடன். அப்புறம், கடைசி வெள்ளி இரவு ஒரு பழைய வண்ணப் படம். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் "35 மிமீ" என்று போட்டிருக்கிறது, அதாவது டிஜிட்டலில் இல்லாமல் பிலிம் சுருளிலேயே ஓட்டப்போகிறார்கள்.

இதுவரை கதைச் சுருக்கத்தைப் படித்துத்தான் தேர்ந்தெடுத்து வந்தேன். பாதிக்குப் பாதி ஏமாற்றம். படிக்கும்போது ஈர்த்த கதை அரங்கில் என்னைத் தொடவே இல்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று போன படம் மாதக்கணக்கில் மனதை விட்டுப் போகவில்லை. அப்படியானால் ஓர் அட்டவணையை எப்படித்தான் படிப்பது?

மழைக்காலம்

நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதை விட்டால் மறுபடி கிடைக்குமா? புதுப் படங்கள் சில மாதங்களில் ஏதோ ஒரு வழியில் வீட்டுக்கே வந்துவிடும். பியானோவுடன் ஓடும் மௌனப் படம் அந்த ஒரு மாலைக்கு மட்டும் உண்டாகிற ஒன்று. அதே படத்தை அடுத்த வருடம் வேறொருவர் வாசித்தால் அது வேறு படம்.

பியானோவையும் 35 மிமீயையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் இரண்டு இடத்துக்கு யோசிக்கலாம்.

சுருள்பெட்டி

இருபது ஆண்டுகளுக்கு மேல் புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் அறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கதைச் சுருக்கத்தைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் அதன் கீழே இருக்கும் அந்தப் பொடி எழுத்து வரி: ஆண்டு, நாடு, எத்தனை நிமிடம், எந்த மொழி, சப்டைட்டில் உண்டா, எந்த வடிவப் பிரதி. ஓர் அரங்கு எவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

"35 மிமீ" என்று உங்கள் அரங்கு போட்டிருக்கிறதே, அதன் பின்னால் இருக்கும் வேலையைச் சொல்கிறேன். பெரிய ரீல் ஒன்று 2,000 அடி. பிலிமில் இருக்கும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம். அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ரீல் நிறைய பிலிம் இருந்தால் 22 நிமிடம் வரும். பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே சுற்றியிருப்பார்கள். ஆக, ஒரு படத்துக்கு ஐந்து, ஆறு, ஏழு ரீல். இரண்டு புரொஜெக்டரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். ஏறக்குறைய ஏழு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அந்தக் கணத்தில் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பிற்பாடு எல்லா ரீலையும் ஒட்டி, பெரிய தட்டில் படுக்கவைத்து ஒரே மூச்சில் ஓட்டும் முறை வந்தது. அதற்கு ஒவ்வொரு ரீலின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்ட வேண்டும். அப்படி வெட்டி ஒட்டுகிற அரங்குக்குப் பல ஆவணக் காப்பகங்கள் பிரதி தருவதே இல்லை. இரண்டு புரொஜெக்டர் இருக்கிறதா, ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியை அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் யாரோ இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு, உதிரி பாகம் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அரங்கில் கேட்டுவிட்டுப் போங்கள்: பிரதியின் நிறம் எப்படி இருக்கிறது? 1950-இல் ஈஸ்ட்மன்கலர் வந்த பிறகு, ஏறத்தாழ 1980களின் தொடக்கம் வரை போட்ட வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பு. வானம், புல், முகம் எல்லாம் ஒரே சாயல். டெக்னிகலரின் சாயம் ஏற்றும் முறையில் போட்ட பிரதிகள் மட்டும் அப்படி வெளுப்பதில்லை. பிரதி மங்கியிருந்தால் நல்ல அரங்குகள் முன்கூட்டியே எழுதிவிடும்.

அரைவெளிச்சம்

மழைக்காலம் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. அக்கா, புதுப் படங்களைத் தயவுசெய்து முதல் வாரத்திலேயே பாருங்கள். சில ஆண்டுகள் ஒரு சின்ன அரங்கின் டிக்கெட் மேசையிலும், பிறகு அட்டவணை போடுகிறவருக்கு உதவியாகவும் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரு புதுப் படம் அடுத்த வாரம் நிற்குமா, எத்தனை காட்சி நிற்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் முதல் வார இறுதி வசூலைப் பார்த்து, திங்கட்கிழமையே முடிவாகிவிடும். அரங்கும் விநியோகஸ்தரும் ஒரு தொலைபேசிப் பேச்சில் முடித்துவிடுவார்கள். மாலைக் காட்சியில் இருந்த படம் பகலுக்குப் போகும், பகலில் இருந்தது காணாமல் போகும். புதன்கிழமை நிதானமாக யோசித்து, அடுத்த சனிக்கிழமைக்குத் திட்டமிடுகிற ரசிகர்தான் அந்தப் படத்துக்கு உண்மையான பார்வையாளர். அவருடைய டிக்கெட் கணக்கில் வருவதற்குள் படம் போய்விடுகிறது.

பழைய படத்தின் கணக்கு வேறு. குறைந்தபட்சத் தொகை ஒன்றைப் பேசிவைத்திருப்பார்கள். அதுவா, வசூலில் பங்கா, எது அதிகமோ அதை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காட்சி நடக்கும். வாரத்துக்கு இரண்டே முறை போடும் அந்த மூன்றாவது புதுப் படம்தான் உங்கள் அட்டவணையில் இருப்பதிலேயே பலவீனமான பிள்ளை. ராய் எங்கும் போய்விட மாட்டார்.

மழைக்காலம்

> ராய் எங்கும் போய்விட மாட்டார்.

போயே போயிருப்பார். 1993-இல் லண்டனில் ஒரு பிலிம் கூடத்தில் தீப்பிடித்து அபு படங்களின் மூல நெகட்டிவ்கள் எரிந்துபோயின. கருகி, சுருண்டு, எந்தக் கருவியிலும் ஏற்ற முடியாத நிலை. குப்பைக்குப் போகாமல் அமெரிக்காவின் திரைப்பட அகாடமி காப்பகத்தில் ஆண்டுக்கணக்காக அப்படியே இருந்தன. அப்புறம் இத்தாலியில் போலோன்யா நகரத்துப் பட்டறையில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, நெகிழ வைத்து, ஓரத் துளைகளைக் கையால் சீர்செய்து, பிரேம் பிரேமாக எடுத்தார்கள். எரிந்துபோன பகுதிகளுக்கு வேறு இடங்களில் இருந்த நகல் நெகட்டிவ்களையும் நல்ல பிரதிகளையும் பயன்படுத்தினார்கள். மூன்றாவது படத்துக்கு மூல நெகட்டிவ் உதவவே இல்லை. 2015-இல்தான் மூன்றும் திரும்ப வெளிவந்தன.

இதை அறிந்துகொண்டு மூன்றில் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' பார்த்தபோது, மழை வருவதற்கு முன் குளத்தின் மேல் பூச்சிகள் ஓடும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவ்வளவு மெல்லிய சாம்பல் நிறம் ஒரு தீயைக் கடந்து வந்திருக்கிறது. எங்கும் போய்விடாது என்று எந்தப் படத்தையும் சொல்ல முடியாது.

அரைவெளிச்சம்

சரி, ஏற்றுக்கொள்கிறேன். எழுதிய விதம் தவறு. ஆனால் மூன்றில் ஒன்றை அக்கா பார்த்தால் போதும், புதுப் படத்துக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

சுருள்பெட்டி

அபு படங்களுக்குப் போனால் திரையின் இரண்டு பக்கமும் பாருங்கள். அவை 1.37:1 அளவில், அதாவது உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலத்தில், எடுத்தவை. இன்றைய அகலத் திரைகளுக்குச் சதுரம் போலத் தோன்றும். படம் தொடங்கும் முன் பக்கவாட்டில் கறுப்புத் துணி நகர்ந்து வந்து படத்தின் ஓரத்தோடு நிற்கிறதா? நின்றால் அந்த ஆபரேட்டருக்கு வணக்கம் வையுங்கள். 1.37 படத்தை 1.85 அகலத்துக்கு நிரப்பி ஓட்டினால் மேலும் கீழுமாகக் கால்பங்குக்கு மேல் படம் வெட்டுப்பட்டுவிடும். நெற்றி இல்லாத முகங்களைப் பார்த்துவிட்டு, பழைய படங்களில் இப்படித்தான் எடுப்பார்கள் போல என்று எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறாக ஓடினால் வெளியே வந்து சொல்லுங்கள், சண்டை போட வேண்டியதில்லை. பெரும்பாலும் யாரும் சொல்லாததால்தான் தவறு படம் முடியும்வரை ஓடுகிறது.

முதல்மணி

இந்த மாதிரி அரங்குக்கு இதுவரை இரண்டு முறைதான் போயிருக்கிறேன். சப்டைட்டில் படிப்பதற்குள் முகத்தைத் தவறவிட்டுவிடுகிறேன். இரண்டு மணி நேரம் வாசித்த களைப்புதான் மிஞ்சுகிறது. இது பழகிவிடுமா? அல்லது வசனம் குறைவான படங்களாகத் தேர்ந்தெடுப்பது நல்லதா?

தாழ்வாரம்

பழகிவிடும் தம்பி. முன்வரிசையில் உட்கார்ந்தால் கண் மேலும் கீழும் அலையும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் போனால் முகமும் எழுத்தும் ஒரே பார்வைக்குள் அடங்கும். உங்களுக்கு முன்னால் இருக்கும் தலை எழுத்தை மறைக்கிறதா என்று மட்டும் விளக்கு அணையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தரைச் சாய்வு குறைந்த பழைய அரங்குகளில் நடைபாதை ஓர இருக்கை நல்லது. எல்லா வரியையும் படித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். ஒரு வரி போனால் போகட்டும், குரலைக் கேளுங்கள்.

வசனம் குறைவான படம் என்று கேட்டீர்கள். கடைசிவரிசையின் பட்டியலில் 'ழான் தியல்மன்' இருக்கிறதே, அதில் பேச்சு மிகக் குறைவு. ஆனால் நீளம் 201 நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள். சமையல், துடைப்பது, படுக்கையை மடிப்பது, விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது. கேமரா நகர்வதே இல்லை. 1975-இல் வந்த படம். பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 2022-இல் முதலிடம் பெற்றது. அந்த இடத்துக்கு ஒரு பெண் இயக்கிய படம் வந்தது அதுவே முதல் முறை.

முதலில் வீட்டில்தான் பார்த்தேன். நாற்பதாவது நிமிடத்தில் கைபேசியை எடுத்தேன், ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து அரங்கில் பார்த்தபோது நடந்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். முதல் நாள் முழுக்க அவர் வேலை செய்யும் ஒழுங்கு நம் உடம்பில் ஏறிவிடுகிறது. இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு கூடுதலாக வெந்துவிடுகிறது, அவ்வளவுதான். அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது. எண்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்த சத்தம். சட்டியில் ஏதோ வெந்துவிட்டதற்காக எண்பது பேர் பதறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டில் அந்த இடத்துக்கு நான் வந்து சேரவே இல்லை.

என் வாக்கு ஞாயிறு காலைக்கு. முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். நடுவில் இடைவேளை உண்டா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

முதல்மணி

நன்றி. இருக்கை விஷயத்தை யாரும் சொன்னதே இல்லை, இரண்டு முறையும் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

வெண்திரை

இன்னொரு கோணம். அட்டவணை என்பது ஒரு மனிதர் யோசித்து எழுதிய கட்டுரை மாதிரி. தனித்தனிப் படமாகப் பார்க்காமல், எதன் பக்கத்தில் எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் அரங்கில் மூன்று வாரம் ஒரு சிறுவன் வளர்ந்து தகப்பனாகிறான். அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிறு, ஒரு தாய் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறாள். இது தற்செயலாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு நீண்ட மரபு இருக்கிறது. பாரிஸில் இப்படிப்பட்ட படங்களுக்கென்றே 1926-இல் ஸ்டுடியோ தெ உர்சுலின், 1928-இல் ஸ்டுடியோ 28 என்று அரங்குகள் திறந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது டோக்கியோவில் இருந்த இவானாமி ஹால். 1968-இல் திறந்தது. வணிக விநியோகத்தில் வராத படங்களைத் தேடிப் போடுவது என்று 1974-இல் அங்கே ஒரு முயற்சி தொடங்கியபோது, முதலில் போட்ட படம் எது தெரியுமா? அபு வரிசையின் மூன்றாவது படம், 'அபுர் சன்சார்'. வங்காளத்து இளைஞன் ஒருவனை நம்பி ஜப்பானில் ஒரு கதவைத் திறந்தார்கள். ஜப்பானில் பிறகு பரவிய சின்ன அரங்குகளுக்கெல்லாம் அந்த ஹால் முன்னோடி. 2022 ஜூலையில் மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை, நான் அங்கே போனதுகூட இல்லை.

ஆகவே உங்கள் அரங்கில் அட்டவணை போடுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் நுழைவாயிலிலேயே நின்றுகொண்டிருப்பார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் ரசனையும் உங்கள் ரசனையும் எங்கே சேர்கின்றன என்று ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் கதைச் சுருக்கம் தேவையே இல்லை.

அரைவெளிச்சம்

வெண்திரை சொன்னதை வழிமொழிகிறேன். நான் உதவியாக இருந்த இடத்தில், ஒரு பெண்மணி படம் முடிந்து வெளியே வந்து "இவருடைய மற்றப் படங்களும் போடுவீர்களா?" என்று கேட்டார். அடுத்த பருவத்தில் அந்த இயக்குநரின் ஐந்து படங்களைப் போட்டோம். ஒருவர் கேட்டதால் மட்டும் போட்டோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

சுருள்பெட்டி

மௌனப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நொடிக்கு 24 பிரேம் என்பது பேசும் படத்தோடு 1920களின் கடைசியில் வந்த கட்டுப்பாடு. அதற்கு முன் 16, 18, 20, 22 என்று படத்துக்குப் படம் வேகம் மாறும். அதை 24-இல் ஓட்டினால்தான் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவதுபோல் இருக்கும். அந்தக் காலத்து நடிகர்கள் அப்படி நடக்கவில்லை. அட்டவணையில் வேகத்தைக் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

டிஜிட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிம் மேல் பிரியம் இருக்கிறது என்பதற்காக டிஜிட்டலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, நல்ல 4கே (மிகத் துல்லியமான டிஜிட்டல்) பிரதி கண்ணுக்குக் கொண்டாட்டம். அதற்கும் தனியாகப் பதற்றம் உண்டு. படம் பூட்டி வரும். திறக்கும் சாவி தனியாக வரும், அது குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். ஒருமுறை மறுநாள் தேதியிட்ட சாவியை அனுப்பிவிட்டார்கள். அரங்கு நிறைய ஆள், திரையில் ஒன்றும் இல்லை. புதுச் சாவி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. இயக்குநரின் முந்தைய படத்தைப் பார்த்த ஒருவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசிவரிசை

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். பியானோ, 'பதேர் பாஞ்சாலி', 'ழான் தியல்மன்', வாரத்துக்கு இரண்டு முறை போடும் அந்தப் புதுப் படம். முதல் வாரத்தில் எனக்கு நாள் ஒத்துவரவில்லை, அதனால் புதுப் படத்தை இரண்டாவது வாரத்தில் வைத்திருக்கிறேன். 35 மிமீயை மனமில்லாமல் விடுகிறேன். மாதம் முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

அரைவெளிச்சம்

இரண்டாவது வாரமா? அக்கா, எப்படியாவது முதல் வாரத்துக்கு மாற்றப் பாருங்கள்.

கடைசிவரிசை

மாதம் முடிந்தது.

அரைவெளிச்சம் பயந்ததுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை பார்த்தபோது இரண்டாவது வார அட்டவணையில் அந்தப் படமே இல்லை. நுழைவாயிலில் கேட்டேன், முதல் வாரம் இரண்டு காட்சிக்கும் சேர்த்து பத்தொன்பது பேர் வந்தார்களாம். இருபதாவது ஆளாக நான் போயிருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

பியானோ: அட்டவணையில் "நொடிக்கு 20 பிரேம்" என்று போட்டிருந்தது, சுருள்பெட்டி அண்ணா. யாரும் குடுகுடுவென்று ஓடவில்லை. வாசித்தவர் முன்னால் தாளே இல்லை, கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தார். ஓர் இடத்தில் அரங்கே சிரித்தபோது, சிரிப்பு அடங்கும்வரை இரண்டு சுரத்திலேயே நின்று, அப்புறம் தொடர்ந்தார்.

'பதேர் பாஞ்சாலி'க்குக் கறுப்புத் துணி நகர்ந்து வந்து சரியாக நின்றது. குளத்துப் பூச்சிகள் வந்தபோது மழைக்காலத்தை நினைத்துக்கொண்டேன்.

'ழான் தியல்மன்' பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது முடியவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைக்கும் ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நிற்கிறது. தாழ்வாரம் சொன்ன அந்த மூச்சுச் சத்தம் எங்கள் அரங்கிலும் எழுந்தது.

புதுப் படம் போய்விட்டதால் அந்த இடத்தில் 35 மிமீக்குப் போனேன். பிரதி கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது. மூலைப் புள்ளியைப் பார்க்கவே கூடாது, படத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தும், பார்த்துவிட்டேன். ஐந்து மாற்றம் எண்ணினேன். கதையில் மூழ்கி ஒன்றிரண்டை விட்டிருப்பேன்.

சுருள்பெட்டி

படம் எத்தனை நிமிடம்?

கடைசிவரிசை

112.

சுருள்பெட்டி

அப்படியென்றால் அநேகமாக ஆறு ரீல். ஐந்து மாற்றம்தான். நீங்கள் ஒன்றையும் விடவில்லை.